வரப்பில் நின்ற ஜிகினாப் புலி

"ஹலோ… ஹலோ… ஆமாமா, பண்ணை வீடுதான்… யாரு, மூஸாவா?… வாயில ஊசி இருக்குப்பா, அதான் கொழகொழங்குது… தஞ்சாவூர்லேருந்தா?… ஐயாவா?… குடு, குடு."

தொலைபேசி நிலையத்தில் பணியாற்றும் மூஸா என்னும் இளைஞர் வெளியூர் அழைப்பை இணைத்துத் தருவதற்குள், மங்களாம்பிகை அம்மையார் பற்களுக்கிடையே கவ்வியிருந்த ஊசியை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டார். அவருடைய மடியில், கணவரின் பழைய முழுக்கைச் சட்டையிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட கை ஒன்று கிடந்தது. அதற்குள் வைக்கோலைத் திணித்து முனையைத் தைத்துவிட்டால் யானையின் துதிக்கை ஆகிவிடும். காதுகளுக்கு இரண்டு முறங்களும், தந்தங்களுக்கு இரண்டு முள்ளங்கிகளும் முன்கூட்டியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

காலாண்டுத் தேர்வு விடுமுறை தொடங்கிய நாள்முதல், குடவாசலுக்குக் கிழக்கே உள்ள அந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் ஓர் அரசாட்சி நடந்து வந்தது. அவ்வரசுக்கு வேண்டிய உடுப்புகளைச் செய்து கொடுக்கும் பொறுப்பை அம்மையார் எவரும் கேளாமலே ஏற்றுக்கொண்டிருந்தார். யானையாகும் பேறு பெற்றிருந்த அவருடைய மகள் பிரகதாம்பாள், முறங்களைக் காதருகே பிடித்துப் பழகியபடி கூடத்தில் நின்றிருந்தாள். அரசர் மட்டும் கொல்லைக் கதவுக்கு அப்பால் நின்றார். நாட்காட்டி அட்டையில் சோடாப் புட்டி மூடிகளைப் பதித்த கிரீடமும், விளக்கெண்ணெயில் கரி குழைத்து வரைந்த மீசையும், தென்னை மட்டையில் சீவிய வாளும் தாங்கிய அந்த அரசரின் பெயர் அம்சம். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர் செல்லதுரையின் மகள். தொழிலாளர் தெருவிலிருந்து வருகிறவர்கள் கொல்லைக் கதவைத் தாண்டுவதில்லை என்பது அவ்வீட்டு வழக்கம். அரசரும் அதற்குக் கட்டுப்பட்டவராகவே இருந்தார்.

"சொல்லுங்க… கேக்குது… நல்லாவே கேக்குது, கத்தாதீங்க… சாப்டீங்களா?… சரி சரி, கேக்கல… என்ன லாரி?… இங்கயா வந்துச்சு?… எதுக்கு?"

பேசியவர் அம்மையாரின் கணவர் திருவாளர் பஞ்சநதம் அவர்கள். நில உச்சவரம்பு விசாரணைக்காக முதல் நாளே தஞ்சாவூர் சென்று, வழக்கறிஞர் வீட்டில் தங்கியிருந்தார்.

"அறுப்புக்கா?… வெளியூர் ஆளுங்களா?… எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா நீங்க?… ரகசியமாம்ல… யாருக்குத் தெரியும், தியாகேசனுக்கு மட்டுமா?… அவருதான் போன் பண்ணிச் சொன்னாரா?… ம்… ம்… விடியக்காலையில வந்தாங்க, சரி… வந்து?… திரும்பிப் போயிட்டாங்களா! ஏன்?"

உள்ளூர்த் தொழிலாளர்கள் குறுவை அறுவடைக்குக் கூலியைச் சற்று உயர்த்திக் கேட்டிருந்தார்கள். பஞ்சநதம் அவர்கள் மறுத்ததோடு நில்லாமல், தம்முடைய பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் கார்வாரியான தியாகேசன் மூலம் வெளியூர் ஆட்களுக்கும் சொல்லிவைத்திருக்கிறார் என்பது அம்மையாருக்கு அப்போதுதான் தெரியவந்தது.

"கொடியா?… செவப்புக் கொடியா?… நம்ம வயல்லயா நட்டிருக்காங்க?… வாய்க்காங்கரை வயல்லயா… வரப்பு மேலயேவா… அடேயப்பா."

அந்த ஆண்டுகளில் அந்தப் பகுதியில், வரப்பின்மேல் ஊன்றிய சிவப்புத் துணி வெறும் துணி அன்று. அதைத் தாண்டிக் கதிரில் அரிவாள் வைப்பவர் ஊர் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வெளியூர் ஆட்கள் லாரியிலிருந்து இறங்காமலே திரும்பியதில் வியப்பில்லை.

"தியாகேசன் பிடுங்கிப் போடுறதுதானே?… தொட மாட்டாராமா?… மீசை மட்டும் அந்த நீளத்துக்கு வளத்து வச்சிருக்காரு… ஆமா… ஆமா… ஏட்டையாவக் கூட்டியாந்தாரா?… அவரு பிடுங்கிட்டாரா? முடிஞ்சுதுல்ல… முடியலையா?… புதுக் கட்சியா?… அது எப்படிங்க கொடியப் பாத்ததும் புதுசுன்னு தெரியும்?… அரிவாள் இல்லையா… சுத்தியலும் இல்லையா… பின்ன என்னதான் இருக்கு?… மிருகமா?"

அம்மையாரின் விரல்கள் துதிக்கையின்மேல் அசையாமல் நின்றன.

"என்ன மிருகம்?… பெருச்சாளியா!… யாரு சொன்னா பெருச்சாளின்னு?… ஏட்டையாவா?… தியாகேசன் என்ன சொல்றாரு?… பன்னிக்குட்டியா! அவருக்குக் கண்ணு இருக்கா இல்லையா?… மினுமினுன்னு மின்னுதா… வால் மேல தூக்கியிருக்கா?… அது புலிங்க!"

சொல் வாயிலிருந்து விழுந்துவிட்டது. அம்மையார் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"…இல்ல… நான் எங்க பாத்தேன்?… நான் அடுப்பங்கரைய விட்டு வெளியில வரல… வாலத் தூக்கியிருக்குன்னு நீங்க சொன்னதால சொன்னேன்… சோழ நாட்டுல கொடியில வேற என்ன இருக்கும்? பெருச்சாளி எங்கயாவது வாலத் தூக்கிட்டு நிக்குமா?… சரி, சரி. பெருச்சாளியாவே இருக்கட்டும்."

இதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. கோயில் திருவிழாவில் மிஞ்சிய ஜிகினாத் தாளை ஒரு பிற்பகல் முழுவதும் நறுக்கி, மைதாப் பசை காய்ச்சி, கோடு கோடாக ஒட்டி உருவாக்கிய புலி அது. அரசர் தோளில் அணியும் செந்நிற மேலங்கியின் முதுகில் அதைப் பதித்தபோது, தம் கைவேலையைக் கண்டு தாமே சொக்கிப்போயிருந்தார். மேலங்கியைப் பூண்டு அரசர் கொல்லையைச் சுற்றி வந்தபோது, தெருவில் பால்காரர் மணியடித்ததுகூட அவர் காதில் விழவில்லை.

அவர் ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்தினார்.

"ஏ பிரகதா… மேலங்கி எங்கடி?… ராஜாவோட மேலங்கி!… முழிக்காத. சைகையில சொல்லு, அப்பா லைன்ல இருக்காரு."

பிரகதாம்பாள் முறங்களைக் கீழே வைத்துவிட்டு, கதவுக்கு அப்பால் நின்ற அரசரைச் சுட்டிக்காட்டினாள். பிறகு கால் வழுக்கி வாய்க்காலில் விழுவதுபோல் விழுந்து காட்டினாள். நனைந்த துணியைப் பிழிந்தாள். தேரடியில் கொடிமரம் நடுவதுபோல் ஒரு கழியைத் தரையில் ஊன்றினாள். விரல்களால் வானத்திலிருந்து தூறல் விழச் செய்து, தலைமேல் கை வைத்துக்கொண்டு ஓடிக் காட்டினாள். இவ்வளவும் சத்தமின்றி நடந்தேறியது. நேற்று மாலை நனைந்த மேலங்கியைக் காயவைத்தவர்கள், மழை தூறியதும் அதை மறந்து வீடு திரும்பியிருக்கிறார்கள். அம்மையார் கண்களை ஒரு கணம் மூடித் திறந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும் போலிருந்தது.

"ஹலோ… இருக்கேன், இருக்கேன்… பூனை பாலத் தள்ளிடுச்சு… சொல்லுங்க… தலைமறைவுக் கூட்டமா?… வக்கீல் சொல்றாரா?… மேற்கு மலைப் பக்கத்துலேருந்து எறங்கியிருக்காங்களா… பெருச்சாளிப் படையா! பேரு வேற வச்சாச்சா?… நான் சிரிக்கல… இருமல்… பயந்துதான் போயிருக்கேன். கதவெல்லாம் சாத்திடுறேன்… எத்தன பேரு இருப்பாங்க படையில?… ரெண்டு பேருன்னு எனக்குத் தோணுது… சும்மா, ஒரு ஊகந்தான்… ஒருத்தர் ராஜா, இன்னொன்னு குதிரைன்னு வைங்க… ஐயோ, விளையாடலீங்க…"

விளையாட்டு அந்த இடத்தோடு நின்றது.

"யாரை?… செல்லதுரையவா?… எங்க?… ஸ்டேஷன்லயா உக்கார வச்சிருக்காங்க?… அவரு என்ன பண்ணுனாரு?… கொடின்னா அவருதானா?… அடிச்சாங்களா?… தெரியாதா? தெரியாதுன்னா என்னங்க அர்த்தம்?"

அம்மையார் திரும்பிப் பார்த்தார். கொல்லைக் கதவில் அரசர் அசையாமல் நின்றிருந்தார். தொலைபேசியில் வந்த குரல் அங்கே எட்டியிராது. ஆனால் தந்தையின் பெயரும், அதனை அடுத்து வந்த ஸ்டேஷன் என்னும் சொல்லும் எட்டிவிட்டன. அம்சம் மெதுவாகக் கிரீடத்தைக் கழற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். எண்ணெய்க் கரி மீசைக்கு மேலே கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

"நீங்க எங்க போறீங்க?… பெரிய போலீஸ் ஆபீசுக்கா?… வக்கீலோடயா?… இப்பவேவா?… இருங்க… வைக்காதீங்க… ஏங்க, வைக்காதீங்கன்னு சொல்றேன்!… காப்பி குடிச்சீங்களா?… இன்னொரு வாய் குடிங்க… வக்கீல் செருப்பு போட்டுட்டாரா?… கழட்டச் சொல்லுங்க."

இணைப்பில் வேறொரு குரல் குறுக்கிட்டது.

"மூஸா, நடுவுல வராத தம்பி… நேரம் ஆனா ஆயிட்டுப் போவுது… நீட்டு… ஐயா கணக்குலயே எழுதிக்க… நீட்டுன்னு சொன்னேன்ல."

அவர் ரிசீவரை வலக் காதுக்கு மாற்றினார். முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து மீண்டும் குத்தினார். பேசத் தொடங்கியபோது குரல் சட்டென்று இனிமையாகிவிட்டது. இருபது ஆண்டுகள் குடும்பம் நடத்திய கணவருக்கு அந்த இனிமை எச்சரிக்கையாகத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"ஒரே ஒரு சந்தேகங்க… கேசு நடந்தா அந்தக் கொடியக் கோர்ட்டுக்குக் கொண்டாருவாங்களா?… வச்சுத்தான் ஆவணுமா… விரிச்சுக் காட்டுவாங்களா?… ரெண்டு பக்கமும்?… வக்கீலக் கேட்டுச் சொல்லுங்க… ரெண்டு பக்கமும்தானா. சரி… அப்ப மூலைய ஏட்டையா பாத்தாரா?… துணியோட மூலையங்க… சலவைக்குப் போட்டப்போ சேங்கொட்டை மசியில வச்ச குறி ஒண்ணு இருக்கும்… ஒரு சுழி, அதுக்குள்ள ரெண்டு புள்ளி… எனக்கா? எனக்கு எப்படித் தெரியும்னா கேக்குறீங்க? நீங்க கட்டியிருக்கீங்களே வேட்டி, அதோட மூலையத் திருப்பிப் பாருங்க… இப்பத்தான்… வக்கீல் இருந்தா இருக்கட்டும், மூலையத்தானே பாக்கச் சொல்றேன்… பாருங்க."

அம்மையார் ஊசியில் நூல் கோத்தார்.

"…ஹலோ?… மூஸா, லைன் இருக்கா?… இருக்கா… அப்ப அவரு பாத்துக்கிட்டிருக்காரு."

மறுமுனையில் நிலவிய அமைதியை அம்மையார் அவசரப்படுத்தவில்லை. துதிக்கையின் முனையில் இரண்டு தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"பாத்தாச்சா?… சுழி இருக்கா?… ரெண்டு புள்ளி?… ஆமாங்க. நம்ம வீட்டுத் துணிதான்… போர்வை இல்ல… திரைச்சீலையும் இல்ல… நல்லா யோசிங்க… போன மாசம் மிராசுதாருங்க சங்கக் கூட்டம் நம்ம கூடத்துல நடந்துச்சே… நடு மேசை… ஆமா, அது மேலதான்… செவப்புக் கொடிய இந்த மண்ணுல ஊன விடமாட்டேன்னு ஓங்கிக் குத்துனீங்களே… குத்துனதுல டம்ளர் எகிறிக் காப்பி கொட்டுச்சே… அதே மேசை விரிப்புதான்… கறை போவலீங்க. நானும் எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சுப் பாத்துட்டேன். அதை மறைக்கத்தான் மேல புலிய ஒட்டுனேன்… நான்தான். உங்க பெருச்சாளிய ஒட்டுனது நான்தான்."

"எதுக்கா?… ராஜாவுக்கு மேலங்கி வேணாமா?… நம்ம கொல்லையில ஆட்சி நடக்குது, உங்களுக்குத்தான் தெரியாது… உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் மெட்ராஸ்ல நடக்குற ஆட்சி ஒண்ணுதான்… இல்ல, காசு செலவழிக்கல. எல்லாம் வீட்டுல கெடந்ததுதான்… காலண்டர் அட்டை, சோடா மூடி, தென்னை மட்டை… உங்க பழைய சட்டையில ஒரு கை… பழசுதாங்க!… பட்டன் போயிடுச்சு… ஆமா, ஒரு கை மட்டும்தான். இன்னொரு கைய நீங்க போட்டுக்கலாம்."

மூஸா இருமினார். அல்லது இருமல் போன்ற ஏதோ ஒன்றைச் செய்தார்.

"மூஸா, நீ எடத்தக் காலி பண்ணு… சிரிக்காத, காது அடைக்குது… உங்களச் சொல்லலீங்க… யாரு நட்டாங்களா? உங்க மகதான்… அடிக்கப் போறீங்களா? வாங்க, வந்து அடிங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. இன்னிக்கு எந்த விசாரணைக்குப் போயிருக்கீங்க?… அதான், எந்த வயலுக்கு?… வாய்க்காங்கரை வயலுக்குத்தானே?… அது என் வயலு இல்ல, என் மக பிரகதாம்பாள் வயலு, அவதான் அனுபவிச்சுக்கிட்டு வர்றா… அப்படின்னு அதிகாரி முன்னாடி சொல்லத்தானே சட்டைய மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க?… ம்… அப்ப அவ வயலு. அவ வரப்பு. அவ வீட்டுத் துணியக் காயப்போட்டிருக்கா. இதுக்கு மேல எப்படிங்க ஒரு பொண்ணு வயல அனுபவிக்கிறது?"

தரையில் அமர்ந்திருந்த பிரகதாம்பாள், தனக்கு ஒரு வயல் இருக்கும் செய்தியை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டாள். அவள் அரசரைப் பார்த்தாள். அரசர் அவளைப் பார்க்கவில்லை. கிரீடத்தின் சோடா மூடி ஒன்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"யாரு சிரிக்கிறா அங்க?… வக்கீலா?… நல்ல மனுஷன்… அவரையே கேளுங்க. காலையில போலீஸ்ல, என் வயல்ல அந்நியன் கொடி நட்டுட்டான்னு எழுதிக் குடுத்துட்டு, மத்தியானம் அதிகாரிகிட்ட அது என் வயலே இல்லன்னு சொன்னா நல்லா இருக்குமான்னு… என்ன சொல்றாரு?… செருப்பக் கழட்டிட்டாரா… அவரு படிச்சவரு."

இப்போது மறுமுனையில் குரல் தாழ்ந்திருக்க வேண்டும். அம்மையாரும் குரலைத் தாழ்த்தினார்.

"கோவப்படாதீங்க… சரி… சரி… மானம் போவுமா? எப்படிப் போவும்?… சங்கத்துக்கு யாரு சொல்லப் போறா? எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், வக்கீலுக்குத் தெரியும்… மூஸாவுக்குத் தெரியும்… மூஸா, நீ ஒண்ணும் கேக்கலதானே?… கேக்கலங்குறாரு… பள்ளிவாசல் பக்கம் கையக் காட்டிச் சத்தியம் பண்றாராம், போதுமா?"

"சரி, இப்ப என்ன பண்றதுன்னு கேளுங்க… கேக்குறீங்கல்ல?… மேக்க கறுத்துக்கிட்டு வருது. நேத்தே தூறிடுச்சு. கதிரு தலைசாஞ்சு கெடக்கு, ரெண்டு மழை வாங்குனா நெல்லு கதிர்லயே மொளைச்சிடும்… லாரி இனிமே வராது. பெருச்சாளிக்குப் பயந்து போனவங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவாங்க?… நம்ம ஊரு ஆளுங்கதான் எறங்கணும். அவங்க எறங்கணும்னா செல்லதுரை வாயத் தெறக்கணும். செல்லதுரை வாயத் தெறக்கணும்னா அவரு அந்த பெஞ்சுலேருந்து எழுந்திரிக்கணும்… ஆமா, அவருன்னுதான் சொன்னேன். முன்னயும் சொன்னேன், நீங்க கவனிக்கல… ஏன்னா, அவரு மக இங்க நின்னு என்னப் பாத்துக்கிட்டிருக்கு."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை. மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, அவர் சிறிது நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நெற்றி சுருங்கியது, பிறகு விரிந்தது.

"அது ஒண்ணும் தப்பா நெனைக்கல… அதுக்கு அப்பன் வேணும், அவ்வளவுதான்… ஆமா… ஆமா… கூலியா? அவங்க கேட்டதக் குடுத்துடுங்க… லாரிக்காரனுக்குச் சும்மா வந்து போனதுக்கு வாடகை குடுக்கப் போறீங்கல்ல, அதக் குடுக்கும்போது வலிக்காதா?… வக்கீல் தலையாட்டுறாரா?… எந்தப் பக்கம் ஆட்டுறாரு?… அப்ப சரி… வாயால சொல்லுங்க. குடுக்குறேன்னு சொல்லுங்க… மெதுவா இல்ல, மூஸாவுக்குக் கேக்கணும்… ம். கேட்டுச்சாம்."

வெளியே கொல்லையில் ஒரு கோழி கத்தியது. அம்மையார் அம்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அரசர் கிரீடத்தைச் சுரண்டுவதை நிறுத்தினார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு… நீங்களே ஸ்டேஷனுக்குப் பேசணும்… நான் பேசுனா ஏட்டையா, சரிங்கம்மா சரிங்கம்மான்னு சொல்லிட்டு, உங்களக் கேட்டுட்டுச் செய்யுறேன்னுடுவாரு… என்ன சொல்றதா? அந்தச் செவப்புக் கொடி என்னுதுதான்னு சொல்லுங்க… வேற எப்படிச் சொல்லுவீங்க? மேசை விரிப்புன்னா, விரிப்பு எப்படி வரப்புக்குப் போச்சும்பாரு. அப்பறம் காப்பி வரும், சங்கம் வரும், என் புலிய எல்லாரும் பெருச்சாளின்னு சொன்னதும் வரும்… சுருக்கமாச் சொல்லுங்க. கொடி என்னுது, நான்தான் நடச் சொன்னேன், ஆள விட்டுடுங்கன்னு… காக்கா ஓட்ட வச்சேன்னு வேணா சொல்லிக்குங்க… ஆமா, தியாகேசனுக்கும் அதான். வயல்ல காக்கா ஓட்ட வச்சது… நம்புவாரு. அவரே ஓடுனாருல்ல."

"ம்?… யாரு ராஜாவா?… அம்சம்தான்… ஏன்னா ஒரு சத்தம் போட்டா நாலு வரப்பு தாண்டிக் கேக்கும். உங்க மக வாய்க்குள்ளயே பேசுவா… அவளா? நேத்து வரைக்கும் குதிரை… கோவப்படாதீங்க, இன்னிக்கு யானையாக்கிட்டேன். உசந்துட்டாளா இல்லையா?… சந்தோஷமாத்தான் இருக்கா. முறத்தக் காதுல வச்சுக்கிட்டு எறக்கவே மாட்டேங்குறா… இல்ல, ராஜாவாகணும்னு அவ கேக்கல. கேட்டா மாத்தித் தைக்கிறேன்."

பிரகதாம்பாள் உடனே முறங்களைத் தூக்கிக் காட்டித் தலையை வேகமாக ஆட்டினாள். யானைப் பதவியை விட்டுக்கொடுக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை.

"வரும்போது அய்யங்கடைத் தெருவுல ரெண்டு கெஜம் துணி வாங்கிட்டு வாங்க… அந்த விரிப்பு ஸ்டேஷன்லேருந்து வந்தாலும் கொல்லையில ராஜாவுக்குத் திரும்பக் கட்ட முடியுமா, நீங்க சங்கத்து மேசையிலதான் விரிக்கணும்… ராஜாவுக்குப் புதுசு வேணும்… பச்சையா? பச்சையில புலி எடுக்காதுங்க… நீலம் வேணாம்… செவப்புதான். நீங்களே கடையில கேட்டு வாங்குங்க, வக்கீல அனுப்பாதீங்க… யாராவது பாத்தா பாக்கட்டும். ஆளுங்கட்சிக் கரைவேட்டியிலயே பாதி செவப்புதானே?… சரி… சரிங்க… மழைக்கு முந்தி வந்துடுங்க… மூஸா! எங்க போயிட்ட?… போகலையா… ஐயாவுக்கு ஸ்டேஷனப் போட்டுக் குடு… இல்ல, நான் வைக்க மாட்டேன். இருக்குறேன். நான் இல்லாத மாதிரி இருக்குறேன்."

தொலைபேசியில் கிர் கிர் என்று ஓசைகள் கேட்டன. மங்களாம்பிகை ரிசீவரின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்தி, கொல்லைக் கதவை நோக்கித் திரும்பினார்.

"அம்சம், இங்க வா… இங்கதான், என் பக்கத்துல."

அம்சம் கதவின் நிலைப்படியைப் பார்த்தாள். பிறகு அம்மையாரைப் பார்த்தாள். கால் நகரவில்லை.

அம்மையார் ரிசீவரை அவளுக்கு நேராக நீட்டினார். கூடத்துச் சுவரிலிருந்து வந்த கம்பி, பாதி தூரத்திலேயே விறைத்து நின்றுவிட்டது.

"கம்பி எட்ட மாட்டேங்குது பாத்தியா… நீதான் வரணும்… சீக்கிரம், ஏட்டையா எடுத்துட்டாரு… கிரீடத்த மாட்டிக்க… ராஜா உள்ள வரலாம்."

அம்சம் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள். அது ஒரு காதின் மேல் சரிந்தது. வாளைத் தூக்கிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினாள். கூடத்தின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஈரப் பாதங்கள் பதிய நடந்து வந்தாள். யானையார் ஒதுங்கி வழிவிட்டார். அம்மையார் கிரீடத்தை நேராக்கிவிட்டு, ரிசீவரை அந்தச் சிறிய காதோடு வைத்தார்.

கரி மீசைக்குக் கீழே உதடுகள் இறுகியிருந்தன. புருவங்கள் நெருங்கின. மறுமுனையில் பஞ்சநதம் அவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கலாம். ஏட்டு அவர்கள் மீண்டும் சொல்லும்படி கேட்டிருக்கலாம். அரசர் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று அவர் கண்கள் விரிந்தன. வேறொரு குரலை, தமக்கு நன்கு தெரிந்த குரலை, தூரத்தில் கேட்டவர்போல் ரிசீவரை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். வாள் தரையில் விழுந்து உருண்டது. மீசையின் ஒரு முனை சிரிப்பில் மேலேறிக் கன்னத்தில் அப்பிக்கொண்டது.

பிறகு இணைப்பு துண்டிக்கப்படும் கிளிக் ஓசை அம்மையாருக்கும் கேட்டது.

அரசர் ரிசீவரை அம்மையாரிடம் கொடுக்கவில்லை. எட்டாத உயரத்தை எட்டக் குதிகாலை உயர்த்தி, தாமே அதை அதன் இடத்தில் வைத்தார்.